அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது

அன்பு மகள் ரூத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை நிதினும் குட்டி அனுவும் அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருக்கிறோம் என்றுதான் எழுதினேன், நலம் என்று எழுதவில்லை, கவனித்திருப்பாய். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற அம்மா எதற்கு இப்போது பேனாவைத் தூக்கினாள் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் கூடத்தில்தான் இருக்கிறார், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கூடத்தில்தான் இருக்கிறார், அவர் எதிரில் இதையெல்லாம் பேச என்னால் முடியாது. நம் தெரு பூபாலன் மகன் ஆபிரகாமுக்கு உங்கள் ஊரிலேயே வேலை கிடைத்து வருகிறான், நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம் வடகமும் அனுவுக்குப் பட்டுப்பாவாடையும் கொடுத்தனுப்புகிறேன், பாவாடை மடிப்புக்குள் இந்தக் கடிதம் இருக்கும். மாப்பிள்ளை இல்லாத நேரமாகப் பார்த்துப் படி, நீ அழுதால் அந்தப் பிள்ளை பயந்துவிடும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த வருடம் மழை சரியாகப் பிடித்து ஏரி நிரம்பியது, நிரம்பி என்ன செய்ய, பாய்ச்சுவதற்குக் கழனி எங்கே இருக்கிறது, திருப்போரூர் போகிற வழியெல்லாம் கல் நட்டுக் கொடி கட்டி வைத்திருக்கிறார்கள். நம் சபைக்குக் கூரை மாற்றியாயிற்று, பாஸ்டர் ஏசுபாதத்துக்கு அச்சரப்பாக்கத்துக்கு மாற்றல் வரும் என்கிறார்கள். என் முட்டிவலி அப்படியேதான், நீ அனுப்பின தைலம் வாசனையாக இருக்கிறது, வலி அதை மதிக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன் அல்லவா, நீ சூப்பர்ம்மா, கலக்கிட்டீங்க என்று சொல்லிக் கைதட்டினாய், அனுவும் சேர்ந்து தட்டினாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய் ரூத்து.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் செங்கல்பட்டில் அப்பாவுக்கு வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்களே, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த இடம் ஆறுவதற்குள் உள்ளங்காலில் இன்னொரு புண் கண்டதும், டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு சர்க்கரை இப்படியே ஓடினால் அடுத்தது விரல் கணக்கு இல்லைம்மா என்று முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டியதும். தையற்காரன் பாவாடைக்கு உயரம் காட்டுகிற மாதிரி காட்டினார். புது வருட ஆராதனையில் உன் அப்பா எழுந்து நின்று இனி இனிப்பைத் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்தார், சபை முழுவதும் ஆமென் சொன்னது. அதற்கு முந்தின வருடமும் ஆமென் சொன்ன அதே சபைதான். பொங்கல் வருவதற்குள் பொருத்தனை கரைந்துவிட்டது. நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், உன்னை வைத்துப் பேசவைத்தேன், அவரும் பாவம் ஒவ்வொரு முறையும் மனதாரத்தான் சரி என்றார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நீ அந்தப் புது யோசனையைச் சொன்னாய். அம்மா, மனசை நம்பாதீங்க, மனசு சாயங்காலத்துக்குள்ளே களைச்சுப் போயிடும், அவர் யோசிக்காமலே நல்லது நடக்கிற மாதிரி சுத்துமுத்தும் இருக்கிறதை மாத்துங்க என்று. எனக்கு அது சட்டென்று பிடித்துப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் நான் அதைத்தானே செய்தேன், சாப்பிடும் முன் கைகழுவுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியபோது ஒரு பிள்ளையும் கழுவவில்லை, தண்ணீர் வாளியைத் தட்டு வாங்குகிற வரிசையின் நடுவில் வைத்த பிறகு ஒருத்தரும் கழுவாமல் போகவில்லை. அதே மாதிரி வீட்டை மாற்றினேன். சர்க்கரை டப்பாவை ஒளிப்பதை விட்டேன், வாங்குவதையே நிறுத்தினேன். மாத்திரையைப் பல் துலக்கும் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன், துலக்காமல் அவர் இருக்கமாட்டார், அதனால் மாத்திரையும் மறக்கவில்லை. சர்க்கரைக்காரர் காலுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மிருதுவான அந்த எம்.சி.ஆர். செருப்பைக் கட்டிலை ஒட்டி வைத்து, பழைய ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டேன். பெரிய தட்டுகளை எல்லாம் பரணில் ஏற்றினேன். கேழ்வரகுக் களிக்கு மட்டும் ஒரு நாள் சண்டை வந்தது, கூழு குடிச்சி வளந்தவன் கவர்மெண்டு வாத்தியாரம்மாவக் கட்டியும் கூழுக்கே வரணுமா செல்லம்மா, இன்னா பேஜாருடா இது என்றார். அப்புறம் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், பேச்சில்லாமல் சாப்பிட்டார். வீட்டுக்குள் எல்லாம் நீ சொன்னபடியே நடந்தது ரூத்து, ஒரு நாளும் அவரைத் திட்டவேண்டி இருக்கவில்லை. ஆனால் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை.

எங்கே ஏறுகிறது என்று எனக்கு மண்டை காய்ந்தது. பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் சந்தேகப்பட்டேன், கடைக்காரரிடம் விசாரித்தேன், சாரு இந்தப் பக்கமே வர்றதில்ல டீச்சரம்மா என்றார். விரல் போன பிறகு அப்பாவுக்கு வண்டி ஓட்ட முடியாது, இன்சூரன்ஸ் பிரீமியம் வாங்க ஊர் ஊராகப் போக யாராவது ஒருத்தரின் பைக்கில் தொற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். நானே கொண்டுபோகிறேன் என்று என் ஸ்கூட்டியை எடுத்தேன். நான் ஓட்ட, உன் அப்பா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்த அழகைப் பார்க்க நீ கொடுத்துவைக்கவில்லை. போன இடத்தில்தான் பார்த்தேன். போன வீட்டில் எல்லாம் டீ. நுரை பொங்க, பாகு மாதிரி இனிப்பாக. இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒப்புக்கு ஒரு வாய் குடித்து வைக்கவும் இல்லை, நிதானமாக அடிவரைக்கும் குடித்து, டம்ளரை அந்த வீட்டு அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அடுத்த வீட்டிலும் அப்படியே. வெளியே வந்ததும் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கால் போகப்போகிறது, இந்த நாலு வாய் டீயை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா என்று நடுரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. நாம கடைசியா போனமே, ஹரி வூடு, அந்த வூட்டுப் பின்னாடிதான் எங்கப்பா கொட்டாங்குச்சில வாங்கிக் குடிச்சிக்கினு நின்னாரு, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்தேன், இப்ப நான் முன்பக்கம் சேர்ல ஒக்காந்து அவங்க டம்ளர்ல வாய் வெச்சிக் குடிக்கிறேன், அத எப்புடி செல்லம்மா வேணாங்கறது, அவங்க குடுக்காத காலம் போயி நான் வேணாங்கற காலம் வந்துச்சின்னா எங்கப்பனுக்கு யாரு பதில் சொல்றது என்றார். சரி, சர்க்கரை போடாமல் கொடுங்கள் என்றாவது கேட்கலாமே என்றேன். விருந்தாளி கொற சொல்லிக் குடிக்க மாட்டான், வேலையாளுதான் இன்னும் கொஞ்சம் ஊத்து, இத மாத்துன்னு கேப்பான் என்றார். நான் வண்டியை எடுத்தேன்.

அங்கேயே விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்கிற கதையாக, நீ சொன்ன அதே யோசனையை நான் வீட்டுக்கு வெளியிலும் கொண்டுபோனேன். அவர் கேட்க வேண்டாம், மறுக்க வேண்டாம், எதையும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம், வருகிற டீயே சர்க்கரை இல்லாமல் வரட்டும் என்று நினைத்தேன். அவர் தூங்குகிற மத்தியானத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு எல்லாம் நான் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை கண்ணு. எங்க வூட்லயும் ரெண்டு சக்கரப் பேசண்டு கீது டீச்சரம்மா, எல்லாருக்கும் ஒரே டீயா போட்டுட்டாப் போச்சு என்றார்கள், சொன்னபடி செய்தார்கள். உன் அப்பா வீட்டுக்கு வந்து, ஒலகமே நோயாளி ஆயிடுச்சி செல்லம்மா, ஒருத்தன் வூட்லயும் சக்கர போடறதில்ல என்று சொல்லிச் சிரித்தார். நான் அடுப்பங்கரைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த மாதம் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, புண்ணின் ஓரம் சிவந்து வந்தது, நர்சு நல்ல சிவப்பும்மா, ஆறுதுன்னு அர்த்தம் என்றாள். உன் யோசனைக்கு ஒரு ஸ்தோத்திரமும் சொன்னேன்.

பிறகுதான் ஹரிகிருஷ்ணன் வீட்டுப் பேரனுக்குக் காது குத்தல் வந்தது. ஹரி உன் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர், வாடா போடா என்று இருப்பவர்கள், தேடி வந்து அழைத்தார், இரண்டு பேரும் போனோம். கூடம் நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள், அத்தனை பேருக்கும் சர்க்கரை இல்லாமல் போட முடியுமா. ஹரியின் மருமகள் வைஷாலி, திருச்சிப் பெண், சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல பெண் ரூத்து, அவள் மேல் எனக்கு இம்மியும் கோபம் இல்லை, அவளே தட்டில் டீ எடுத்து வந்தாள். எல்லாருக்கும் பூப்போட்ட பீங்கான் கப். அப்பாவுக்கு மட்டும் தட்டின் ஓரத்தில் ஒரு பேப்பர் கப். அவள் சிரித்த முகமாக, அங்கிள், இது உங்களுக்கு, ஆன்ட்டி சொல்லியிருக்காங்க, மத்ததோட கலந்துடக் கூடாதுன்னு தனியா வச்சேன் என்றாள். அவளுக்கு என்ன தெரியும், சர்க்கரை போட்டது எது போடாதது எது என்று அடையாளத்துக்காக அந்தக் குழந்தை செய்தது, எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் செய்வார்கள். அங்கே இருந்த பெரியவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள், ஒருத்தர் மட்டும் தரையைப் பார்க்கவில்லை, அவர் உதட்டோரம் நெளிந்ததை நான் பார்த்தேன். உன் அப்பா அந்தக் கப்பை வாங்கினார். எப்போதும் போல அடிவரைக்கும் குடித்தார். பீங்கான் கப்புகளை எல்லாம் வாங்கிக்கொள்ள ஆள் வந்தது. பேப்பர் கப்பை யார் வாங்குவார்கள், குப்பைதானே. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து அந்தப் புண்காலை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் போட்டுவிட்டு வந்தார். ஹரி பின்னாலேயே ஓடி, டேய் மோசஸு, அது சின்னப் பொண்ணுடா, வெளியூருடா, ஒண்ணும் தெரியாதுடா என்று கையைப் பிடித்தார். இன்னாடா ஆயிப்போச்சி இப்ப, டீ நல்லாத்தான் இருந்துச்சி என்றார் அப்பா.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார். அவங்களே மறந்துகினு வந்தாங்க செல்லம்மா, நீ ஒரு ஒரு வூடா போயி ஞாபகப்படுத்திட்டு வந்துகீற. அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், காலு போயிடும்னுதானே செய்தேன் என்றேன், தெரியும்மா என்று தலையைத் தடவினார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் தன் பாலிசிகளை எல்லாம் கிளை ஆபீசில் வேறு ஒரு ஏஜெண்டிடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். யார் வீட்டுக்கும் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் டீ கொடுப்பார்களே, நம் ஜனம், நம் கையால் போட்ட டீ, அதற்கும் நிற்பதில்லை, ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிடுகிறார். ஹரி வைஷாலியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அந்தப் பெண் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்பா அவளை உட்காரவைத்து, நீ இன்னாம்மா பண்ணே, ஒண்ணும் பண்ணலியே என்று சமாதானம் செய்தார், என்னிடம் சொல்லி இரண்டு பேருக்கும் டீ போடவைத்தார். உனக்குடா என்று ஹரி கேட்டார். எனக்கு எதுக்குடா, சக்கரக்காரன் என்றார். ஹரி குடிக்க முடியாமல் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இப்படித்தான் ரூத்து சர்க்கரை குறைந்தது. வெளியே போவதில்லை, அதனால் இனிப்பு இல்லை. நடப்பதில்லை, அதனால் புண்ணில் பாரம் இல்லை, அது மூடிவிட்டது. கொடுக்கிற களியைச் சாப்பிடுகிறார், கருவாடு இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. மாத்திரை, செருப்பு எல்லாம் நேரப்படி. அவர் எதற்கும் மனதைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை, கட்டுப்படுத்துவதற்கு மனதில் எதன் மேலும் ஆசை இல்லை. நீ சொன்னது முழுவதும் பலித்துவிட்டது, ஒன்றும் தவறவில்லை. செங்கல்பட்டில் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு, இந்த சாரப் பாருங்க, காலு போயிருக்க வேண்டியது, மனசு வச்சா முடியும்னு காட்டிட்டாரு என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா கைகூப்பினார். நான் மருந்து வாங்கப் போகிற சாக்கில் மாடிப்படிக்குக் கீழே நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

நேற்று என்ன செய்தேன் தெரியுமா, கேட்டால் திட்டுவாய். கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்தேன். கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்கு என்று வைத்திருக்கிற உன் கல்யாணத்துக்கு வந்த கப்பை எடுத்து, நுரை பொங்க, ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை போட்டு டீ கொண்டுபோய் அவர் எதிரில் வைத்தேன். ஒரே ஒரு வாய் குடியுங்க, எனக்காக, கால் எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார், முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. வேணாம்மா என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அது ஏடு கட்டி ஆறிப்போகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெபம் பண்ணப் பார்த்தேன், என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் காலைக் கேட்டேன், கொடுத்தாயிற்று. இனி எந்த வாயால் கேட்பது.

உன் மேல் தப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே, நீ நல்லதைத்தான் சொன்னாய். எனக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அந்த வைஷாலிக்கும் இல்லை. யார் மேலும் தப்பு இல்லாமல் ஒரு மனிதர் இப்படி உட்கார்ந்துவிட்டாரே என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நீ உடனே டிக்கெட் போடாதே, வந்தாலும் உன்னிடம் சிரித்துப் பேசுவார், நீ ஏமாந்து திரும்பிப் போவாய். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கு அனுவின் காதை மூடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீங்கள் போகிற வீடெல்லாம் உங்களுக்குக் கதவு திறந்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. இனி போன் பண்ணும்போது அப்பாவிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காதே, அது நன்றாகத்தான் இருக்கிறது. இன்னிக்கி யார் வூட்டுக்குப்பா போயிட்டு வந்தே என்று கேள். பதில் சொல்லமாட்டார். நீ விடாமல் கேள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
மோ. செல்லம்மா